நடு மாதங்களில் நம் கடமை

(வெள்ளி விழாவையொட்டி ஆரம்பாக்கத்தில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

ஓர் ஓலைக் கொட்டகையில், ஒரு கரும்பலகையுடன் மாலை வகுப்பாகத் தொடங்கியது நம் கழகம். அந்தக் கொட்டகையில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் இம்மேடையில் வீற்றிருக்கக் காண்கிறேன், நெஞ்சம் நிறைகிறது. எனக்கு முன் பேசியவர்கள் கல்லூரிக் கல்வியைப் பற்றியும் போட்டித் தேர்வுகளைப் பற்றியும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘பிள்ளைகளின் கல்விக்கு அடித்தளம்’ என்பது. அடித்தளம் என்றால் எதுவரை தோண்டுவது? முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றாம் வகுப்பிலிருந்து தோண்டினால் போதாது. பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும் காலத்திலிருந்தே தோண்ட வேண்டும். ஆகவே, கருவுற்ற பெண்ணின் நடு மாதங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தலைமையாசிரியர் ஒருவர் பொது மேடையில் பேசும் பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடமும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் கேட்டறிந்தவற்றையே சொல்லப் போகிறேன். பேசக்கூடாத பொருள் என்று மூடி வைத்ததால் என் குடும்பம் எதை இழந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

1983ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். என் அக்காள் தலைச்சன் பிள்ளைக்காகக் கருவுற்றிருந்தாள். முதல் மூன்று மாதங்கள் வாந்தியும் மயக்கமுமாகப் படுத்துவிட்டாள். வீடே அவளைச் சுற்றி வந்தது. நான்காம் மாதம் வாந்தி நின்றது, சோறு இறங்கியது. “இனிமே பயமில்லை, மசக்கை தீர்ந்துபோச்சு” என்றாள் என் தாயார். அக்காள் நாற்று நடப் போய்விட்டாள். ஐந்தாம் மாதத்தில் அவள் அரிசியை அள்ளி அள்ளி மென்றாள். அடுப்புச் சாம்பலைத் தின்றாள். அதை ஆசை என்று சொல்லிச் சிரித்தோம். வரப்பில் ஏறினால் மூச்சு வாங்கியது. வயிற்றுப் பிள்ளையின் பாரம் என்றோம். நாக்கும் நகக்கண்ணும் வெளுத்திருந்தன. நிறம் கூடிவிட்டது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பாராட்டினார்கள். செவிலியம்மா கொடுத்த சிவப்பு மாத்திரைகளை விழுங்கினால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்ல, அவை கூரையில் செருகப்பட்டன.

பிரசவத்தின்போது அவளுக்குப் போன இரத்தம் பிற பெண்களுக்குப் போவதைவிட மிகுதியன்று என்று பிறகு சொன்னார்கள். ஆயினும் உடம்பில் இருந்ததே சிறிது. மாட்டு வண்டி நெடுஞ்சாலையை அடையுமுன் என் அக்காள் போய்விட்டாள். கூரையைப் பிரித்து மேய்ந்தபோது அந்த மாத்திரைகள் என் கையில் உதிர்ந்தன. இதில் நான் வேறு எவரையும் குறை கூறவில்லை. அவளுடைய உடம்பு மூன்று மாதங்கள் எங்களுக்கு எச்சரிக்கை செய்தது. அந்த எழுத்தைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படித்த எனக்கும் தெரியவில்லை.

அன்பர்களே! இந்த ஒரு செய்தியையே இன்று உங்களிடம் ஒப்படைக்க வந்துள்ளேன். நடு மாதங்கள் அமைதியான மாதங்கள். அந்த அமைதியைக் கண்டு நாம் கவனத்தை விட்டுவிடுகிறோம். உண்மையில், பிரசவத்தன்று தாயையும் சேயையும் காப்பாற்றும் பணியில் பெரும்பகுதி அந்த மாதங்களிலேயே முடிந்திருக்க வேண்டும்.

நடு மாதங்கள் என்பவை எவை? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணிக் கருக்காலம் 40 வாரம் என்பர். அதில் 13 வாரம் முடியும் வரை முதற்பருவம், 14 முதல் 27 வாரம் வரை நடுப்பருவம், அதன்பின் இறுதிப்பருவம். நம் வீட்டுக் கணக்கில் நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் என்று கொள்ளலாம்.

இப்பருவம் தொடங்கும்போது கரு நம் கைவிரல் நீளமே இருக்கும். ஆயினும் கை, கால், முகம் எல்லாம் உருவாகியிருக்கும். 20ஆம் வாரத்தில் தலை முதல் கால் வரை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமும் 300 கிராம் எடையும் கொண்டதாகிறது. அப்போது கருப்பையின் மேல் விளிம்பு தாயின் தொப்புள் மட்டத்துக்கு உயர்ந்திருக்கும். பருவம் முடியும்போது பிள்ளை ஏறத்தாழ ஒரு கிலோ எடையை எட்டுகிறது. வெளியுலகின் ஓசைகளுக்கு அசைந்து கொடுக்கவும் தொடங்குகிறது. தாயின் குரலே அது கேட்டுப் பழகும் முதற்குரல். தந்தையின் குரலும் அதற்கு எட்டும். அது அதட்டலாக எட்டுவதா, அன்பாக எட்டுவதா என்பதைத் தம்பிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் முதல் அசைவைத் தலைச்சன் பிள்ளைக்காரி பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் உணர்வாள். முன்பே பெற்றவள் சற்று முன்னதாகவே உணர்வாள். வயிற்றுக்குள் சிறு மீன் துள்ளியதுபோல் இருந்தது என்று பெண்கள் சொல்வர். முதல் அசைவு தெரிந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு செவிலியரிடம் சொல்வது நன்று. 24 வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தாயின் உடம்பிலும் பல மாறுதல்கள் தோன்றும். கருப்பையைத் தாங்கும் நார்கள் இழுபடுவதால் அடிவயிற்றின் பக்கங்களில் சுருக்கென்று வலிக்கும். இடுப்பு வலி, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, ஈறு கசிதல், சட்டென்று எழுந்தால் தலைசுற்றல் ஆகியனவும் வரலாம். வயிற்றில் வரிகளும், தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடும், முகத்தில் மங்கும் தோன்றும். இவை பெரும்பாலும் இயல்பானவை. சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது, நீர் நிறையப் பருகுவது, கீரையும் பழமும் சேர்ப்பது, நாள்தோறும் சிறிது நடப்பது, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவற்றால் இத்தொல்லைகள் குறையும். வலி பொறுக்க இயலவில்லை என்றால் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

இயல்பானவற்றைச் சொன்னேன். இனி, விட்டுவிடக் கூடாதவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது இரத்தம். கருக்காலத்தில் தாயின் உடம்பிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. அதற்கேற்ப இரும்புச்சத்து சேராவிட்டால், பாலில் நீர் சேர்ந்ததுபோல் இரத்தம் நீர்த்துப் போகிறது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 100க்கு 48 பேர் இரத்தசோகை உடையவர்கள். மருத்துவமனைகளும் சாலைகளும் பெருகிய இந்நாளிலும் ஏறத்தாழ பாதிப்பேர்! ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தசோகை; 7க்குக் குறைந்தால் ஆபத்தான நிலை. 7க்கும் 10க்கும் இடையில் இருப்போரில் பலருக்கு மருத்துவர் இரும்புச்சத்தை நரம்பின் வழியே ஏற்றுவார். ஒன்பதாம் மாதத்தில் கண்டுபிடித்தால் அதற்குக் காலம் போதாமல் போகலாம். ஐந்தாம் மாதத்தில் கண்டால் போதிய காலம் உண்டு. நடு மாதங்களின் அருமை இதுவே.

ஆகவே, நான்காம் மாதம் தொடங்கியதும் இரும்புச்சத்து மாத்திரை நாள்தோறும் ஒன்று. பிள்ளை பிறந்த பின்னும் ஆறு மாதம் தொடர வேண்டும். அதனோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியன அது சேர உதவும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து விழுங்காமல், இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, உணவுடன் கொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போனால் அஞ்ச வேண்டா. குமட்டினால் மாத்திரையை நிறுத்தாமல் செவிலியரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்பருவத்தில் ஒருமுறை தரப்படும் குடற்புழு மாத்திரையையும் ஒதுக்கக் கூடாது. வெறுங்காலுடன் வயலிலும் வெளியிலும் நடக்கும் நம் மக்களின் குடலில் கொக்கிப்புழு நுழைந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. சாம்பலையும் அரிசியையும் மண்ணையும் தின்னத் தோன்றுவது பெரும்பாலும் இரத்தசோகையின் அறிகுறி. அதைக் கண்டு சிரிக்காதீர்கள். சிரித்த குடும்பத்தான் சொல்கிறேன்.

அந்த மாத்திரையால் பிள்ளை கறுக்கும் என்ற பேச்சு இன்றும் நம் தெருக்களில் உலவுகிறது. இது முழுப் பொய். பிள்ளையின் நிறம் தாய்தந்தையர் வழியாக வருவது. மாத்திரை அதைக் கறுப்பாக்காது. குங்குமப்பூ அதைச் சிவப்பாக்காது. ஆயினும் இதில் பொய்யைவிடக் கொடியது ஒன்று உண்டு. கறுப்பு என்றால் தாழ்வு என்று நம்மை ஒடுக்கியோர் சொன்னதை நாமே நம்பி, அதற்காக நம் பெண்ணின் உயிரைப் பணயம் வைத்தோமே, அதுவே கொடியது. கறுத்த பிள்ளை வேண்டா என்று மாத்திரையை ஒளித்த வீட்டில் கடைசியில் பிள்ளையைத் தூக்கத் தாய் இல்லை. குங்குமப்பூவுக்குச் செலவிடும் பணத்தில் வேர்க்கடலையும் வெல்லமும் முட்டையும் வாங்குங்கள். முருங்கைக்கீரை நம் கொல்லையில் உண்டு. கேழ்வரகு கடையில் உண்டு. நெத்திலி நம் கடற்கரையில் உண்டு. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அவளுக்கு உரியது. அதை வீட்டார் அனைவரும் பங்கிட்டுவிடக் கூடாது. நிறையத் தின்றால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்று அரைவயிறு போடும் வழக்கமும் ஒழிய வேண்டும். இப்பருவத்தில் தாயின் எடை வாரத்துக்கு ஏறத்தாழ அரை கிலோ கூடுவது இயல்பு.

இரண்டாவது சர்க்கரை. முன்பு சர்க்கரை நோயே இல்லாத பெண்ணுக்கும் கருக்காலத்தில் அது தோன்றலாம். முதல் வருகையிலும், பின்பு 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் இதற்கான சோதனை நடைபெறுகிறது. 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பர். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் உணவுமுறையும் சிகிச்சையும் தேவை. நம் பெண்களில் சிலர் குளுக்கோஸைக் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று இரத்தம் கொடுக்காமலே சென்றுவிடுகிறார்கள். தேர்வு எழுதிவிட்டு விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்வது போன்றது இது.

மூன்றாவது இரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பின் அது 140க்கு 90 என்ற அளவை எட்டினாலோ மீறினாலோ தாய்க்கு வலிப்பும் பிள்ளைக்கு ஊட்டக்குறைவும் நேரக்கூடும். தொடக்கத்தில் இதற்கு வலியே இராது. கருவி கட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது. சென்ற பிரசவத்தில் இரத்த அழுத்தம் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தடுக்கும் மருந்தை அவர் நடுப்பருவத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கக்கூடும்.

நான்காவது ஸ்கேன். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் பிள்ளையின் தலை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் அமைப்பை ஆராய்வர். குறை ஏதேனும் இருந்தால் மேற்கொண்டு செய்ய வேண்டியதை முடிவு செய்யவும் காலம் வேண்டும். ஆதலின் இதைத் தள்ளிப் போடக் கூடாது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அம்பேத்கரின் படத்தை வீட்டில் மாட்டியவர்கள் அக்கேள்வியைக் கேட்கலாகாது.

இவற்றோடு, நான்கு வார இடைவெளியில் போட வேண்டிய இரண்டு தடுப்பூசிகளும் முடிந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளில் அரசு நலவாழ்வு நிலையங்களில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2016 முதல் நடைமுறையில் உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலமைந்த மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. இதற்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர் ஆந்திர எல்லையில் இருப்பதால் ஒரு சொல்: தாய்வீடு தடாவிலோ சூளூர்ப்பேட்டையிலோ இருந்தால், அங்குப் போகுமுன் நம் செவிலியரிடம் தெரிவித்து, அட்டையையும் பதிவு எண்ணையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அந்தத் தாய்சேய் நல அட்டையைப் பற்றித் தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பிள்ளைகளின் தேர்ச்சி அட்டையைப் படித்துப் பாராமல் கையெழுத்திட்டு அனுப்பும் தந்தையரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அட்டை உங்கள் பிள்ளையின் முதல் தேர்ச்சி அட்டை. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய நான்கையும் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன், தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தம் படுதல், நீர் கசிதல், விட்டுவிட்டு வயிறு இறுகி வலித்தல், கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல், நன்கு தெரிந்து வந்த அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். என் அக்காளுக்கு அந்த வண்டி இல்லை. உங்கள் மனைவிக்கு உண்டு.

இனி, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு துன்பத்தைச் சொல்ல வேண்டும். விடியுமுன் நெடுஞ்சாலை ஓரத்தில் ஆலைப் பேருந்துக்காக நிற்கும் பெண்களை நாம் அனைவரும் பார்க்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், எல்லை கடந்து ஸ்ரீசிட்டிக்கும் செல்பவர்கள் அவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி, ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவள், கருவுற்றதை ஆறாம் மாதம் வரை மறைத்தாள். தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம். துப்பட்டாவால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நின்றாள். கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்க நாணி, தண்ணீரே குடிக்காமல் இருந்தாள். ஒருநாள் இரவு ஷிப்டில் குளிர்சுரமும் வயிற்று வலியும் கண்டன. சிறுநீர்த் தொற்று முற்றி, காலத்துக்கு முன்பே பிரசவ வலி தொடங்கியிருந்தது. மருத்துவமனையில் பத்து நாள் வைத்து வலியை அடக்கிக் காப்பாற்றினார்கள். தாயும் மகளும் இன்று நலம். “உன் கணவரிடமாவது எரிச்சலைச் சொன்னாயா அம்மா?” என்று கேட்டேன். “வேலையை விட்டால் தவணை எப்படிக் கட்டுவது சார் என்று அவரே கேட்டார்” என்றாள். அந்தப் பதிலை என்னால் மறக்க இயலவில்லை.

அவளுக்குச் சட்டம் தெரிந்திருந்தால் இவ்வளவு அஞ்சியிருக்க மாட்டாள். 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனைச் சார்ந்தது என்பது அவர் வாதம். 1929இல் அங்கு அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்துக்கு 1934இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்கும் 1961இல் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்வுரிமை இடம்பெற்றுள்ளது. பிரசவ நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது உரியது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், தேவையான நாள்களுக்குப் பிடித்தம் செலுத்தப்பட்டிருந்தால், அக்கழகத்திடமிருந்தே பணம் பெறுவர். மகப்பேற்று விடுப்பில் இருப்பவளை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் இடந்தரவில்லை.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடின வேலையிலிருந்தும் நெடுநேரம் நிற்பதிலிருந்தும் விலக்குக் கேட்கச் சட்டம் வெளிப்படையாகத் தரும் உரிமை, பிரசவத்துக்குப் பத்து வாரம் முன்புதான் தொடங்குகிறது. நடு மாதங்களில் மருத்துவரின் சான்றைக் காட்டி, உட்கார்ந்து செய்யும் வேலையும் பகல் ஷிப்டும் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. தனித்து ஒரு பெண் கேட்டால் அஞ்சுவாள். ஆகவே இளைஞர்களை ஒன்று வேண்டுகிறேன். இந்தப் பகுதி ஆலைகளில் வேலை செய்யும் நம் பெண்களுக்காக, விண்ணப்பம் எழுதித் தரவும், சம்பளச் சீட்டையும் வருகைச் சான்றையும் பாதுகாத்து வைக்கக் கற்பிக்கவும், தேவைப்பட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு உடன் செல்லவும் நம் கழகத்தில் நால்வர் முன்வர வேண்டும். படிப்பு என்பது தன் வேலைக்கு மனு எழுத மட்டுமன்று.

கணவன்மார்களுக்கும் சில சொல். சோதனைக்குப் போகும் நாளில் உடன் செல்லுங்கள். அன்றைய கூலி போனாலும் போகட்டும். தண்ணீர்க் குடத்தையும் எரிவாயு உருளையையும் அவளைத் தூக்க விடாதீர்கள். அவள் உண்ட பின் நீங்கள் உண்டால் குடி முழுகிப் போகாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை வேண்டா. குடித்துவிட்டு வந்து அவள்மேல் கை ஓங்குபவன் தன் பிள்ளைமீதே கை ஓங்குகிறான். அவள் சோர்ந்து, பேச்சற்று, தூக்கமற்று இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பைப் போலவே மனத்துக்கும் இக்காலத்தில் நோய் வருவதுண்டு.

ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ நாம் வளைகாப்பு நடத்துகிறோம். கை நிறைய வளையல் அடுக்கிச் சந்தனம் பூசுகிறோம். ஐவகைச் சோறு படைக்கிறோம். அழகிய வழக்கம்; அதை விட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைகாப்புக்கு முதல் நாள் மாலை, மாமியாரும் தாயும் கணவனும் ஒன்றாக அமர்ந்து அந்த அட்டையைத் திறந்து பாருங்கள். இரத்தம் எவ்வளவு? சர்க்கரை பார்த்தாயிற்றா? ஸ்கேன் எடுத்தாயிற்றா? மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின் வளையல் அடுக்குங்கள்.

2018 முதல் 2020 வரையான கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் 54 தாய்மார்கள் மகப்பேற்றால் இறந்தார்கள். இந்தியா முழுமைக்குமான எண் 97. நம் மாநிலம் முன்னேறியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்த 54 பேரில் ஒவ்வொருத்தியும் யாரோ ஒரு தம்பிக்கு அக்காள். புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது அதை மறவாதீர்கள்.

என் அக்காளின் மகன் பிழைத்தான். என் தாயார் வளர்த்தார். நான் அவனுக்கு எழுத்து கற்பித்தேன். கறுத்த பிள்ளைதான். அவனுடைய மகள் இப்போது இக்கழகத்தின் மாலை வகுப்பில் படிக்கிறாள். அவள் வளர்ந்து தாயாகும் நாளில், அவள் வீட்டுக் கூரையில் மாத்திரை செருகப்படாதிருக்க வேண்டும். அதற்கான பாடம் இன்று இந்த அரங்கில் தொடங்கட்டும். இந்த வெள்ளி விழா நினைவாக, நம் குடியிருப்பில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் அட்டையும் நடு மாதங்களில் ஒருமுறையேனும் படித்த ஒருவரால் பார்க்கப்படும் என்று உறுதி ஏற்போமாக.